உப்புநீர் மீன் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட்: அளப்பது எப்படி? குறைப்பது எப்படி?

கொளத்தூர் கடையில் ஆசை ஆசையாக ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி வந்தீர்கள். கண்ணாடித் தொட்டி, விளக்கு, ஃபில்டர், உப்பு என்று நல்ல தொகை செலவாகிவிட்டது. முதல் மூன்று மாதம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான்காம் மாதம் கல்லெல்லாம் பச்சை நூல் மாதிரிப் பாசி. துடைத்தால் இரண்டே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மீன் தீனியைப் பார்த்தும் முன்போல ஓடி வருவதில்லை. "தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு, அப்புறம் என்ன குறை?" என்று கேட்கிறீர்கள்.

குறை கண்ணுக்குத் தெரியாது. அது தண்ணீரில் கரைந்திருக்கிறது. ஒன்றின் பெயர் நைட்ரேட், இன்னொன்று பாஸ்பேட். இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன, எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது, குறைக்கிறோம் என்று எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதுதான் இந்தப் பாடம். கையில் ஒரு பேனாவும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு வரும்.

1. இவை எங்கிருந்து வருகின்றன?

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் போடும் தீனியிலிருந்துதான்.

தீனியில் புரதம் இருக்கிறது. மீன் தின்று கழிக்கும் கழிவும், தின்னாமல் விட்ட மிச்சமும் அழுகி அமோனியா ஆகிறது. அமோனியா கொடிய நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டின் நஞ்சு மிகக் குறைவு. அதனால் மீன் உடனே சாகாது. ஆனால் சாதாரணத் தொட்டியில் இந்தப் பயணம் அங்கேயே நின்றுவிடும். நைட்ரேட் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். காற்றில்லாத ஆழமான மணலிலும், துளைகள் நிறைந்த கல்லின் உட்புறத்திலும் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் மட்டுமே நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன.

பாஸ்பேட்டுக்கு அந்த வழியும் கிடையாது. அது வாயுவாகிப் பறந்து போகாது. தொட்டிக்குள் வந்த பாஸ்பேட்டை நீங்களாக எடுத்து வெளியே போட்டால்தான் உண்டு. அதுவரை தண்ணீரிலோ, பாசியிலோ, கல்லிலோ, மணலிலோ எங்காவது ஒட்டிக்கொண்டு இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. உங்கள் தொட்டி 200 லிட்டர். தினமும் 1 கிராம் உலர் தீனி போடுகிறீர்கள். அதில் 45% புரதம், 1% பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16% நைட்ரஜன். ஆக 1 கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட் ஆனால் சுமார் 319 மி.கி. அதை 200 லிட்டரில் பரப்பினால் லிட்டருக்கு 1.6 மி.கி. இது ஒரே நாள் கணக்கு. ஒரு வாரத்தில் 11 மி.கி.

பாஸ்பேட்டைப் பார்த்தால் நாளுக்கு 31 மி.கி., லிட்டருக்கு 0.15 மி.கி. வாரத்துக்கு 1 மி.கி.யைத் தாண்டும். இது உச்ச அளவு. மீனின் உடம்பில் ஒரு பங்கு தங்கும், பாசியும் பாக்டீரியாவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பாதிதான் மிஞ்சுகிறது என்றாலும் வாரம் 5 மி.கி. நைட்ரேட்டுக்கு மேலும், அரை மி.கி. பாஸ்பேட்டும் ஏறுகிறது. ஒரு சிட்டிகை தீனி கூடப் போட்டால் என்ன ஆகும் என்பது இப்போது புரியும்.

2. எவ்வளவு இருக்கலாம்?

பவளப் பாறைகளைச் சுற்றியுள்ள திறந்த கடல்நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 1 மி.கி.க்கும் கீழே. பாஸ்பேட் 0.1 மி.கி.க்கும் மிகக் கீழே. வீட்டுத் தொட்டியில் அந்த அளவைப் பிடிப்பது கடினம், தேவையும் இல்லை. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

நைட்ரேட்: 20 மி.கி.க்குள் இருந்தால் நல்லது. 40-ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பாஸ்பேட்: 0.1 மி.கி.யை ஒட்டி இருந்தால் நல்லது. 0.25-ஐத் தாண்டினால் பாசி தலைதூக்கும்.

"அப்படின்னா பூஜ்யமாக்கிட்டா ரொம்ப நல்லதா?" என்று கேட்காதீர்கள். இரண்டும் சுத்தமாக வற்றிப்போன தொட்டியில் நல்ல பாசியும் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். அந்த இடத்தைப் பிடிக்க, குமிழிகளோடு சளி மாதிரிப் படரும் பழுப்பு நிற நுண்ணுயிர்ப் படலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்டுவது பச்சைப் பாசியை விரட்டுவதை விடச் சிரமம்.

3. அளப்பதில் நடக்கும் தவறுகள்

அளக்காமல் மருந்து வாங்கக் கூடாது. இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிட் வாங்கும்போது "உப்புநீருக்கு" என்று போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பிறகு இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

அ) சோதனைக் குழாயை முதலில் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய குழாய் பாஸ்பேட் அளவைத் தப்பாகக் காட்டலாம்.

ஆ) நைட்ரேட் கிட்டில் ஒரு பாட்டிலின் அடியில் மருந்து படிந்திருக்கும். குறிப்பில் சொன்ன நேரம் வரை பலமாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் 40 இருக்கும் தண்ணீர் 5 என்று காட்டும். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்.

இ) புதுத் தொட்டியில் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையை நம்ப வேண்டாம். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் பெரும்பாலான கிட்கள் நிறம் காட்டுகின்றன. ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும்.

ஈ) நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். தொட்டியின் நீல விளக்குக்குக் கீழே பார்க்காதீர்கள்.

உ) கிட் எதை அளக்கிறது என்று படியுங்கள். சில கிட்கள் "நைட்ரேட்-நைட்ரஜன்" என்று காட்டும். அதை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். சில மீட்டர்கள் "பாஸ்பரஸ்" என்று காட்டும். அதை 3.07 ஆல் பெருக்கினால் பாஸ்பேட். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு 5தான்" என்பார், உங்களுக்கு 22 வரும். இரண்டும் ஒரே தண்ணீராக இருக்கலாம்.

4. உங்கள் வீட்டுத் தண்ணீரையே முதலில் சந்தேகப்படுங்கள்

தொட்டியில் நைட்ரேட் 50 இருக்கிறது. வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். இறங்கவே மாட்டேன் என்கிறது. அப்போது போர்வெல் தண்ணீரைச் சோதியுங்கள். கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை, உரம் போட்ட வயல் இவற்றின் அருகில் உள்ள நிலத்தடி நீரில் நைட்ரேட் கலந்திருப்பது உண்டு.

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி (ஐ.எஸ். 10500) நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. வரை ஏற்கத்தக்கது. அதாவது 40 மி.கி. உள்ள தண்ணீர் குடிப்பதற்குத் தரத்துக்குள் வரும். ஆனால் அதில் உப்பு கலந்து தொட்டியில் ஊற்றினால், எத்தனை முறை மாற்றினாலும் 40-க்குக் கீழே இறங்காது.

இன்னொரு விஷயம் ஆவியாதல். வெயில் காலத்தில் 200 லிட்டர்த் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், நைட்ரேட் உள்ளேயே தங்கும். 30 மி.கி. நைட்ரேட் உள்ள தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் தினமும் 60 மி.கி. சேரும். மாதம் முடியும்போது லிட்டருக்கு 9 மி.கி. ஏறியிருக்கும். ஒரு பருக்கை தீனி கூட அதிகம் போடாமலேயே!

எனவே உப்பு கலக்கவும், ஆவியான அளவை ஈடுகட்டவும் ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. சவ்வு பழசானால் நைட்ரேட்டை உள்ளே விடும். டி.டி.எஸ். மீட்டரில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கனிமம் கலக்கும் பகுதி இருந்தால், அதற்கு முன்பாகவே தண்ணீரைப் பிடியுங்கள்.

போர்வெல் தண்ணீரைச் சோதிக்க: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பொதுமக்கள் உரிய கட்டணம் செலுத்தித் தண்ணீர் மாதிரியைச் சோதித்துக்கொள்ளலாம். நைட்ரேட் அளவும் அறிக்கையில் இருக்கும். சென்னையில் உள்ளவர்கள் சென்னைக் குடிநீர் வாரியத்தை அணுகலாம். சுத்தமான பாட்டிலில் எடுத்து, தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். மீனுக்காகச் சோதிக்கப் போய், வீட்டில் குழந்தை குடிக்கும் தண்ணீரில் 45-ஐத் தாண்டியிருப்பது தெரிந்தால், அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. பால்குடிக் குழந்தைகளுக்கு அதிக நைட்ரேட், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும்.

கேனில் கடல்நீர் பிடித்து வருபவர்கள் கவனிக்க: கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களை ஒட்டிப் பிடிக்காதீர்கள். அங்கே நைட்ரேட், பாஸ்பேட், நோய்க்கிருமி எல்லாம் சேர்ந்தே வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத்துக் கடல்நீரின் உப்பும் குறைந்துவிடும். கடையில் விற்கும் கடல் உப்புக் கலவை வாங்கி, லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கலந்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. சமையல் உப்பு, கல் உப்பு வேண்டாம். அவற்றில் கால்சியமும் மக்னீசியமும் கடல்நீரில் உள்ள விகிதத்தில் இருக்காது.

5. குறைக்கும் வழிகள், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்

முதல் வழி: தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் போடுவது என்று முடிவு செய்யுங்கள். "பாவம், பசிக்கும்" என்று பாட்டி ஒரு தடவை, பேரன் ஒரு தடவை போட்டால் எந்த ஃபில்டரும் தாங்காது. உறைந்த தீனியைக் கரைய வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். உறைய வைத்து விற்கும் இறாலில் ஈரம் காக்கப் பாஸ்பேட் சேர்ப்பது உண்டு என்பதால், பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வழி: அழுகும் முன்பே எடுப்பது. பஞ்சு ஃபில்டரை மூன்று நாளுக்கு ஒருமுறை அலசுங்கள். வாரக்கணக்கில் விட்டால் அதில் பிடிபட்ட அழுக்கே நைட்ரேட்டாகி மறுபடி தொட்டிக்குள் வரும். உயிரியல் வடிப்புக்கு வைத்திருக்கும் செராமிக் துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். மாற்ற எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். உப்புநீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் நல்ல முதலீடு. நுண்குமிழிகளில் ஒட்டும் புரதக் கழிவை, அமோனியா ஆவதற்கு முன்பே நுரையாகக் கோப்பையில் தள்ளிவிடும்.

மூன்றாம் வழி: தண்ணீர் மாற்றுவது. இங்கேதான் கணக்கு உதவும். வாரம் 5 மி.கி. நைட்ரேட் ஏறும் தொட்டியில் வாரம் 10% மாற்றினால், நாளடைவில் அளவு எங்கே போய் நிற்கும் தெரியுமா? மாற்றுவதற்கு முன் 50, மாற்றிய பின் 45. அதற்குக் கீழே இறங்காது. அதே தொட்டியில் 20% மாற்றினால் மாற்றும் முன் 25, மாற்றிய பின் 20. வாராந்திர ஏற்றத்தை, மாற்றும் பங்கால் வகுத்தால் இந்த விடை கிடைக்கும்: 5-ஐ 0.1 ஆல் வகுத்தால் 50, 0.2 ஆல் வகுத்தால் 25. உங்கள் தொட்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்றத்தைப் பாதியாக்கினாலும், மாற்றும் அளவை இரட்டிப்பாக்கினாலும் பலன் ஒன்றே. தீனியைக் குறைப்பதற்குச் செலவு கிடையாது.

ஏற்கெனவே 80 ஏறிவிட்டதா? பதறி ஒரே நாளில் முக்கால்வாசித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். திடீர் மாற்றத்தில்தான் மீன் சாகும். 20% வீதம் மாற்றினால் 80, 64, 51, 41, 33, 26, 21 என்று ஆறு முறையில் இறங்கிவிடும். வாரம் இரண்டு முறை என்றால் மூன்று வாரம். இடையில் ஏறுவதையும் சேர்த்து ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீரில் முதல் நாளே உப்பு கலந்து, காற்று விட்டு, வெப்பமும் அடர்த்தியும் தொட்டியோடு ஒத்துவந்த பிறகு ஊற்றுங்கள்.

நான்காம் வழி: பாசியைக் கொண்டே பாசியை ஒழிப்பது. கீழ்த்தொட்டியில் நூல் பந்து போன்ற கீட்டோமார்ஃபா பாசியைத் தனி விளக்கில் வளர்த்தால், அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். மேல்தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் இந்த விளக்கை எரிய விடுங்கள், இரவில் ஆக்சிஜன் குறையாமல் இருக்கும். வளர்ந்ததில் ஒரு பகுதியை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால்தான் பலன். அறுக்காமல் விட்டு அது அழுகினால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஐந்தாம் வழி: பாஸ்பேட் உறிஞ்சி. இரும்பு ஆக்சைடு குருணைகள் கடையில் கிடைக்கும். அலசி, வலைப்பையில் போட்டு, தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். முதல் வாரம் அளவு இறங்கும், இரண்டாம் வாரம் பழையபடி ஏறும். "ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். கல்லிலும் மணலிலும் மாதக்கணக்கில் ஒட்டியிருந்த பாஸ்பேட் இப்போதுதான் கரைந்து வெளியே வருகிறது. குருணையை மாற்றி மாற்றிப் போட்டால் மெதுவாக அடங்கும்.

வினிகர், வோட்கா ஊற்றிப் பாக்டீரியாவைப் பெருக்கும் முறை ஒன்றும் உண்டு. அளவு தவறினால் ஒரே இரவில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மொத்தமும் போய்விடும். ஸ்கிம்மர் இல்லாதவர்களும் புதியவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

6. இதை மட்டும் செய்யாதீர்கள்: சட்டம் சொல்வது

"உயிருள்ள பவளக் கல் ரெண்டு போடுங்க சார், நைட்ரேட் தானா இறங்கிடும்" என்று யாராவது சொல்லலாம். துளை நிறைந்த கல்லுக்கு அந்தக் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் கடலில் இருந்து எடுத்த பவளம் உங்கள் வீட்டுக்கு வந்தால் அது குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் கல் பவளங்களும் கடல் குதிரைகளும் உள்ளன. இந்த அட்டவணை உயிரினங்களுக்கு எதிரான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 2022 திருத்தத்தின்படி ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் உண்டு. "செத்த பவளம்தானே" என்பதும் செல்லாது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து கல், பாசி, மீன் எதையும் எடுத்து வரக் கூடாது.

பவளக் கல் செய்யும் வேலையை நுண்துளை செராமிக் கட்டிகளும் செய்யும். அதே பாக்டீரியா அங்கேயும் குடியேறும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். மீன் வாங்கும்போதும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். கோமாளி மீன் குஞ்சு பொரிப்பு நம் மாநிலத்திலேயே நடக்கிறது.

மாற்றி எடுத்த உப்புநீரைச் செடிக்கோ, கிணற்றுக்கோ, மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கோ விடாதீர்கள். நிலத்தடி நீர் உப்பாகிவிடும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். வேண்டாத மீனையும் பாசியையும் கடலில் விடுவதும் தவறு.

7. உதவி எங்கே கிடைக்கும்?

பொழுதுபோக்காகத் தொடங்கி, வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாக்க நினைப்பவர்கள் மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் வண்ண மீன் வளர்ப்பு அலகுகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40%, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் மகளிருக்கு 60% மானியம் வகுக்கப்பட்டது. நடப்பு ஆண்டில் விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு கடன் வாங்குங்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்கு தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் ஆகியவை உள்ளன.

வாரம் ஒருமுறை செய்ய வேண்டியவை

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, நைட்ரேட், பாஸ்பேட், மாற்றிய தண்ணீர். ஞாயிறு காலை அளந்து எழுதுங்கள். பிறகு தண்ணீர் மாற்றுங்கள். நான்கு வாரம் எழுதினால் உங்கள் தொட்டியில் வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஓர் எண் கையில் இருந்தால், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பயிற்சிக் கணக்கு: உங்கள் தொட்டியில் வாரம் 6 மி.கி. நைட்ரேட் ஏறுகிறது. மாற்றும் முன் அளவு 24-ஐத் தாண்டக் கூடாது. வாரம் எத்தனை சதவீதம் மாற்ற வேண்டும்? 6-ஐ 24 ஆல் வகுத்தால் 0.25. ஆக 25%. தீனியைப் பாதியாகக் குறைத்து ஏற்றம் 3 ஆனால், 12.5% போதும்.

நல்ல தண்ணீரில் வளரும் கோமாளி மீன் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வேலைக்குப் போகும்வரை அந்த ஜோடி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அதற்கு வாரம் அரை மணி நேரமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.